தண்டை வெட்டாதீர்கள்

வணக்கம் அக்கா,

நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். மோரல் காளான் பொறுக்குகிற காணொளிகளை விடாமல் பார்ப்பேன். மாசி, பங்குனியில் கன்னியாப் பக்கக் காட்டில் தேடினால் அது கிடைக்குமா? போன ஐப்பசி மழைக்குப் புற்றுக் காளான் முளைத்தபோது, காணொளியில் செய்வதுபோலவே கத்தியால் அடியில் வெட்டி எடுத்தேன். மண் ஒட்டாமல் வந்தது. அம்மம்மா வெள்ளிக் காசு போட்டு அவித்தா. காசு கறுக்கவில்லை, சாப்பிட்டோம்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கிடைக்காது. மோரலுக்குக் குளிர்காலம் வேண்டும். காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் பனி உருகி, குளிர்ந்து கிடந்த மண் மெல்ல 10 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறும் நாட்களில் அது முளைக்கிறது. திருகோணமலை மண் எந்த மாதத்திலும் அந்தக் குளிரைக் காண்பதில்லை. அந்தத் தேடலை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அந்தக் கத்திதான்.

மோரலை வெட்டலாம். அதன் அடையாளம் முழுவதும் மண்ணுக்கு மேலே இருக்கிறது. தலை தேன்கூடுபோல் குழிவிழுந்திருக்கும். நெடுக்காகப் பிளந்தால் தலையும் தண்டும் ஒரே குழாயாக வெறுமையாக இருக்கும். நமது புற்றுக் காளான் அப்படியா? அதன் அடையாளம் மண்ணுக்குள் கிடக்கிறது. கறையான் கீழே வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து, வால்போல் ஒடுங்கிய நீண்ட வேர் மேலேறித் தண்டாகிறது. 1847 இல் பெர்க்லி என்ற ஆங்கிலேயக் காளான் ஆய்வாளர் இலங்கையிலிருந்து கிடைத்த புற்றுக் காளான் ஒன்றுக்கு 'யூரைசஸ்' என்று பெயர் வைத்தார். நல்ல வேருடையது என்று பொருள். அந்த வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு, மண் ஒட்டவில்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள்!

அமனிற்றா என்றொரு காளான் வகை உண்டு. அதன் இனங்களில் சில ஆளைக் கொல்லும். அவற்றின் அடியில் கிழிந்த முட்டைக்கோது போன்ற பை இருக்கும், அதுவும் மண்ணுக்குள்தான். வெட்டினால் வேரும் போய்விடும், பையும் போய்விடும். அமனிற்றாவின் தண்டிலுள்ள வளையத்தையும் மழை உதிர்த்துவிடலாம். பிறகு கூடையில் எது எதுவென்று எப்படிப் பிரிப்பீர்கள்?

தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிக் கம்பியை இறக்கி, சுற்றிவர மண்ணை இளக்குங்கள். ஒரு சாண் ஆழம்வரை கையால் விலக்குங்கள். பிடித்து இழுத்தால் வேர் அறுந்துவிடும், பை கிழிந்து மண்ணோடு நின்றுவிடும். அடி மெலிந்துகொண்டே இன்னும் ஆழத்துக்கு ஓடினால் நல்ல அறிகுறி. குமிழாகப் பருத்து முடிந்தாலோ, பையோ வளையமோ தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். ஒன்றைத் தோண்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றை வெட்டலாம் என்று நினைக்கவேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் முளைக்கலாம். ஒவ்வொன்றையும் தோண்டுங்கள். கும்பலாக முளைக்கும் மிகச் சின்னப் புற்றுக் காளானுக்கு நீண்ட வேர் இராது; பழகும்வரை அதைத் தொடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் காளானின் குடையை, அதன் அடிப்பக்கச் செதில் மடிப்புகள் கீழே இருக்கும்படி கண்ணாடித் துண்டில் வைத்துக் கோப்பையால் மூடி, இரவு முழுக்க விடுங்கள். செதிலிலிருந்து உதிரும் தூள்தான் வித்தித்தூள். புற்றுக் காளானுடையது இளஞ்சிவப்புக் கலந்த வெண்மையாக விழும். தூய வெள்ளையோ பச்சையோ விழுந்தால் எறியுங்கள்.

அம்மம்மாவை ஏசவேண்டாம். அவவைக் காப்பாற்றியது காசல்ல, எந்தப் புற்றில் எது முளைக்கும் என்ற பழக்கம். வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்வைகளால். அமனிற்றாவின் நஞ்சைக் காசு காட்டாது, அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்டு 6 மணித்தியாலம் கழிந்தபின் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மிச்சக் காளானையும் கொண்டுபோங்கள். அடுத்த நாள் தணிந்ததுபோல் இருக்கும். அந்த நேரத்தில்தான் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும்.

தோண்டும்போது ஒரு சாணுக்குக் கீழே போகவேண்டாம், கறையானின் தோட்டம் உடைந்துவிடும். கிளறிய மண்ணைத் திரும்பப் போட்டு உள்ளங்கையால் அழுத்திவிட்டு வாருங்கள். அடுத்த ஐப்பசிக்கும் அந்த இடத்தைப் போய்ப் பார்க்கவேண்டுமல்லவா?

அன்புடன்,
அக்கா