முன்னாள் பிரதமருக்கு ஒரு பதில்

கேள்வி: ‘டெமாக்ரசி 3’ என்ற கணினி விளையாட்டில் பிரிட்டனை ஆண்டு, கடனைக் குறைத்து, குற்றங்களை அடக்கி, மறுபடியும் தேர்தலில் ஜெயித்தேன். கல்லூரி மாணவனான என்னால் முடிவது நிஜ அமைச்சர்களுக்கு ஏன் முடியவில்லை? தேர்தலில் நிற்பவர்கள் இதில் பாஸாக வேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன?

பதில்: வாழ்த்துகள், பிரதமர் அவர்களே! நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதவியேற்றேன். பெட்ரோல் வரியை ஏற்றினேன், கார்க்காரர்கள் முறைத்தார்கள். அப்புறம் இன்னும் சிலரைப் பகைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு தீவிரவாதக் கும்பல் என் கதையை முடித்துவிட்டது. ஆகவே இதைப் பொறாமையில் எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திரையை நினைத்துப் பாருங்கள். ஒரு கொள்கையைக் குறிக்கும் வட்டத்தின் மேல் மவுஸை வைத்தால், அது பாதிக்கும் விஷயங்களை நோக்கி அம்புகள் ஓடும். பச்சை என்றால் கூடும், சிவப்பு என்றால் குறையும். மதுவுக்கு வரி போட்டால் எது இறங்கும், யாருக்குக் கோபம் வரும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். எந்த நிதியமைச்சருக்கு இந்த வசதி உண்டு? அவருக்கு நாலு பொருளாதார நிபுணர்கள் இருப்பார்கள். அம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதிலேயே நாலு பேருக்கும் சண்டை. போதாததற்கு, உங்கள் ஆட்சியில் ஃபைலை அமுக்கி வைக்கும் அதிகாரியும் இல்லை, இடைக்காலத் தடை கொடுக்கும் நீதிமன்றமும் இல்லை.

சரி, அந்த அம்புகளை வரைந்தது யார்? கிளிஃப் ஹாரிஸ் என்ற பிரிட்டிஷ் புரோகிராமர். நீங்கள் பாஸானது அவர் வைத்த பரீட்சையில்.

இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று விடவும் முடியவில்லை. 1960 முதல் 1968 வரை அமெரிக்காவின் பாஸ்டன் நகர மேயராக இருந்த ஜான் காலின்ஸ், பதவி முடிந்ததும் எம்.ஐ.டி. என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பக்கத்து அறையில் ஜே ஃபாரஸ்டர் என்ற கணினிப் பொறியாளர். இருவரும் பேசிப் பேசி, ஒரு நகரம் எப்படி வளர்கிறது, எப்படி நசிகிறது என்பதை ஃபாரஸ்டர் சமன்பாடுகளாக்கினார். ஏழைகளுக்கு அரசு மலிவு வீடு கட்டிக் கொடுத்தால் நகரம் இன்னும் கெடும் என்று விடை வந்தது. 1969-ல் புத்தகமாகவும் போட்டார். அதில் புறநகர் என்பதே இல்லையே என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். வசதியுள்ளவர்கள் அமெரிக்க நகரங்களைக் காலி செய்துகொண்டு புறநகருக்குக் குடிபோன காலம் அது! எழுதியவர் போடாத ஒன்று எப்படி விடையில் வரும்?

இருபது வருஷம் கழித்து, 1989-ல், நகரத்தைக் கட்டி ஆளும் ‘சிம்சிட்டி’ என்ற கணினி விளையாட்டு வந்தது. அதை உருவாக்கிய வில் ரைட் ஃபாரஸ்டரைப் படித்தவர். மேயர் நாற்காலியில் உட்கார்ந்து வரி போட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பூர்வீகம் தெரிந்திருக்கும்?

நீங்கள் கேட்ட சட்டத்தைக் கொண்டுவந்தால், பரீட்சைத் தாளை எழுதுகிற புரோகிராமர்தான் நிரந்தரப் பிரதமர். அவரை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பீர்கள்?

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அந்த விளையாட்டின் கணக்குகள் சிஎஸ்வி என்ற சாதாரண அட்டவணைக் கோப்புகளில்தான் இருக்கின்றன, எக்செல்லிலேயே திறக்கலாம். ஒரு நண்பரை விட்டு நாலைந்து எண்களில் கூட்டலைக் கழித்தலாக்கச் சொல்லுங்கள். எவை என்று உங்களிடம் சொல்லக் கூடாது; அம்புகளையும் நீங்கள் பார்க்கக் கூடாது. அப்புறம் அதே பழைய கொள்கைகளோடு ஆளுங்கள். எத்தனை காலாண்டு தாக்குப்பிடித்தீர்கள் என்று எழுதினால் இதே பக்கத்தில் போடுகிறேன்.