டானி டார்கோ, ஹாலோவீன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி ‘டானி டார்கோ’ பார்த்தேன். மூளைக்கு வேலை வைக்கும் படம், இரண்டு தடவையாவது பார்த்தால்தான் பிடிபடும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார். முடித்ததும் காலப்பயணத்தை விளக்கும் யூடியூப் காணொளிகளையும் பார்த்தேன். இணைப் பிரபஞ்சம் என்று அம்புக்குறி போட்டு விளக்குகிறார்கள். என் பிரச்சினை வேறு. எனக்குப் படம் நெடுகச் சிரிப்பு வந்தது. கடைசியில் அந்தப் பையன் செத்துப்போகிறான், அதுவரை நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நண்பரிடம் சொன்னால், “நீ படத்தையே பார்க்கலை” என்கிறார். இன்னொன்று: இதில் ஹாலோவீன் எதற்கு? பேய்முகம் காட்ட ஒரு சாக்குதானா? 2004-இல் வந்த இயக்குநர் பதிப்பையும் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

சிரித்ததற்காக வெட்கப்பட வேண்டாம். என்னைக் கேட்டால் அது ஒரு பள்ளிக்கூட நகைச்சுவைப் படம். காலப்பயணம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. (இனி முடிவு வரை பேசப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

ரிச்சர்ட் கெல்லி தன் 25 வயதில் எடுத்த முதல் முழுநீளப் படம் அது. படப்பிடிப்பு 28 நாள், செலவு சுமார் 45 லட்சம் டாலர். நடிகை ட்ரூ பேரிமோரின் நிறுவனம் கைகொடுத்ததால்தான் எடுக்க முடிந்தது. 2001 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டினார்கள். திரையரங்குக்கு வந்தது அக்டோபர் 26-இல். விமானத்தின் இன்ஜின் ஒன்று வீட்டின் மேல் விழுவதில் தொடங்கும் கதை, செப்டம்பர் 11 நடந்து ஏழு வாரம்கூட ஆகாத அமெரிக்காவில். யார் போவார்கள்? முதல் ஓட்டத்தில் அங்கே ஐந்து லட்சம் டாலர் சொச்சம்தான் தேறியது. பிறகு டிவிடி, நள்ளிரவுக் காட்சிகள், இங்கிலாந்து ரசிகர்கள் என்று அது உயிர்த்தெழுந்தது. புதிர்ப்படம் என்கிற பெயரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்கள் வைத்ததுதான்.

நீங்கள் எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று எழுதவில்லை. நான் சிரித்த இடத்தைச் சொல்கிறேன். உடற்பயிற்சி ஆசிரியை கிட்டி ஃபார்மர் கரும்பலகையில் ஒரு கோடு போடுகிறார். ஒரு முனையில் பயம், மறுமுனையில் அன்பு. மாணவர்கள் ஆளுக்கொரு அட்டையை வாசித்து, அதிலுள்ள சம்பவம் கோட்டில் எந்த இடத்தில் வரும் என்று குறி போட வேண்டும். டானிக்கு வந்த அட்டையில், ஒரு பெண் கீழே கிடந்த பர்ஸை உரியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், உள்ளே இருந்த பணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறாள். மனுஷ வாழ்க்கையை இப்படி இரண்டு டப்பாவில் அடைக்க முடியாது என்று டானி வாதாடுகிறான். எழுதாவிட்டால் சைபர் மார்க் என்கிறார் ஆசிரியை. அவன் வாயைத் திறப்பதற்குள் காட்சி வெட்டப்பட்டு, அடுத்த கணம் தலைமையாசிரியர் அறை. அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் சொன்னதை நாம் கேட்பது கிட்டி ஃபார்மர் வாயால்தான்: அந்த அட்டையைத் தன் ஆசனவாயில் பலவந்தமாகச் செருகிக்கொள்ளச் சொன்னானாம். புகார் மனுவின் மொழியில், ஒரு சொல் பிசகாமல், அவ்வளவு கண்ணியமாகச் சொல்கிறார். அப்பா வாயை இறுக்கிக்கொள்கிறார், முடியவில்லை. வசவை நேரடியாகக் காட்டியிருந்தால் அது வெறும் வசவு. அந்த வெட்டில்தான் இயக்குநர் தெரிகிறார்.

இதே கிட்டி ஃபார்மர்தான் கதையையும் நகர்த்துகிறார் என்பதை அந்த அம்புக்குறிக்காரர்கள் கவனிப்பதே இல்லை. சிறுமிகளின் நடனக் குழுவை லாஸ் ஏஞ்சலஸ் போட்டிக்கு அவர் அழைத்துப் போயிருக்க வேண்டும். ஆனால் பேட்ரிக் ஸ்வேஸி நடித்த அந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் கைதாகிவிடுகிறார். அந்த மகானுக்காக இந்த அம்மாள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. எனவே டானியின் அம்மாவை அனுப்புகிறார். தயங்கும் அம்மாவிடம், உங்களுக்கு எங்கள் நடனக் குழுவின் மேல் உண்மையிலேயே பற்று இருக்கிறதா என்று கேட்கிறார் பாருங்கள், கண்ணில் ஏறக்குறைய நீர் முட்ட! அம்மாவும் தங்கையும் திரும்பி வரும் விமானத்தின் இன்ஜின்தான் கழன்று விழுவது. வீட்டில் பெரியவர்கள் இல்லாததால்தான் ஹாலோவீன் விருந்தும் நடக்கிறது. சாவு எல்லாம் இந்தக் கோமாளித்தனத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. ஆக, நீங்கள் சிரித்தது கதையின் நடுத்தண்டைப் பார்த்துத்தான்.

இனி ஹாலோவீன். அமெரிக்காவில் அது முதலில் குழந்தைகளின் பண்டிகை. வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அடுத்தபடி, குடித்துக் கும்மாளமிடும் பெரியவர்களின் பண்டிகை. நடுவில் இருக்கும் பதினைந்து, பதினாறு வயதுக்காரனுக்கு அதில் இடம் கிடையாது. மிகைப்படுத்தவில்லை. டானியின் ஊர் இருப்பது வர்ஜீனியா மாநிலத்தில். அதே மாநிலத்தின் செசபீக் நகரில், 12 வயதைத் தாண்டியவர்கள் மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டினால் ஆறு மாதம் வரை சிறை என்று 1970-இலிருந்து ஒரு நகரச் சட்டம் இருந்தது. யாரையும் பிடித்து உள்ளே போட்டதில்லை, ஆனாலும் சட்டம் சட்டம்தானே. 2019-இல்தான் சிறையை எடுத்துவிட்டு வயதை 14 ஆக்கினார்கள்.

டானி அந்த இடைப்பட்ட வயதுக்காரன். மிட்டாய் வாங்கும் வயதுத் தங்கை ஊரில் இல்லை. விருந்தே அக்காவுக்கு ஹார்வர்டில் இடம் கிடைத்ததற்காக. இவன் வீட்டில் போடுகிற சாம்பல் நிறச் சட்டையோடு எலும்புக்கூடு படம் போட்ட ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்கிறான். வேஷம் போட்ட மாதிரியும் இருக்க வேண்டும், போடாத மாதிரியும் இருக்க வேண்டும். அந்த வயது அதுதான். அக்காவாக நடித்த மேகி, டானியாக நடித்த ஜேக் ஜில்லென்ஹாலுக்குச் சொந்த அக்கா. சாப்பாட்டு மேஜையில் இருவரும் அடித்துக்கொள்ளும் வசவுகளில் ஒத்திகை வாசனையே இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த முயல்? உலகம் அழியப்போகிறது என்று படம் நெடுக மிரட்டிய அந்தக் கோர முயல், அக்காவின் காதலன் விருந்துக்குப் போட்ட வேஷம். பீர் வாங்கப் போயிருக்கிறான், அவ்வளவுதான். அவன் கார்தான் டானியின் காதலியின் மேல் ஏறுகிறது. முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது பயந்துபோன இன்னொரு பையன். ஹாலோவீனை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் முயலே கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். கதை அக்டோபர் 2-இல் தொடங்குகிறது, முயல் கொடுக்கும் கெடு 28 நாள் சொச்சம். எண்ணிப் பாருங்கள், 30-ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது. எல்லாரும் வேஷம் போட்டுக் காத்திருக்கும் அந்த 31, ஹாலோவீன் நாள், படத்தில் வருவதே இல்லை.

இயக்குநர் பதிப்பு வேண்டாம் என்பேன். 113 நிமிடப் படத்தை 133 ஆக்கியிருக்கிறார் கெல்லி. கதைக்குள் வரும் காலப்பயண நூலின் பக்கங்களைத் திரையிலேயே எழுத்தாக ஓட்டுகிறார். கேள்வி கேட்பதற்கு முன்பே கோனார் உரையைக் கையில் திணித்த மாதிரி இருக்கிறது. பாட்டுகளையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார். காணொளிகளுக்குத் தீனி அந்தப் பதிப்பிலிருந்துதான் போகிறது என்பது என் சந்தேகம். இரண்டாம் தடவை பார்ப்பதென்றால் 2001 பதிப்பையே பாருங்கள், இந்த முறை கிட்டி ஃபார்மரை விடாமல் பின்தொடருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு. அந்தச் சாப்பாட்டு மேஜை வசவுகளுக்கு நான் பொறுப்பேற்க முடியாது.