நுண்ணோக்கியின் முன் அமர விரும்பும் உங்கள் மகள்

மருத்துவம் படித்து முடித்தபின் நோயாளிகளைப் பார்க்காமல், உடல் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கண்டறியும் திசு நோயியலை எடுத்துக்கொண்டு ஏதோ ஓர் ஆய்வக அறைக்குள் மகள் முடங்கிவிடுவாளோ என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கவலையோடு வரும் பெற்றோர் பலர். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள் என்பதுதான்.

உடலிலிருந்து எடுத்த சிறு திசுத்துண்டு முதலில் அழுகாமல் காக்கும் பார்மலின் என்னும் திரவத்தில் ஊறுகிறது. பிறகு அதன் நீரை அகற்றி, மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்னும் கருவியால் 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். இது ஒரு சிவப்பணுவின் விட்டத்தைவிடக் குறைவு. சீவல்கள் நாடாபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும். அவற்றை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும். அந்த நொடியில் ஸ்லைடை அடியில் கொடுத்து ஏந்த வேண்டும். ஹெமடாக்சிலின், இயோசின் என்னும் இரு சாயங்களும் ஏறியதும் உட்கருக்கள் நீலமாகவும் சுற்றுப்பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

அந்த ஸ்லைடில் உங்கள் மகள் படிக்கப்போவது காலத்தை. தோலில் ஏற்பட்ட ஒரு வெட்டுக்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலேயே நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் காயத்தின் விளிம்பில் குவிகின்றன. மூன்றாம் நாள்வாக்கில் அவற்றின் இடத்தை மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்கள் பிடித்து, சிதைந்ததை விழுங்கத் தொடங்குகின்றன. ஐந்தாம் நாளையொட்டிப் புதிய நுண்குழாய்கள் நிறைந்த மென்திசு பள்ளத்தை நிரப்புகிறது. பின்னர் கொலாஜன் என்னும் புரத இழைகள் அடர்ந்து, குழாய்கள் குறைந்து, தழும்பு உருவாகிறது. மூன்று மாதம் கழித்தும் அந்த இடத்தின் வலிமை பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடுதான். பயின்ற கண், காயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஒரு சீவலிலிருந்தே பெருமளவு கணித்துவிடும்.

காயம் ஆறும் இதே வழி பிசகும்போது நோயாகிறது. கொலாஜன் அளவு மீறினால் காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கீலாய்டு என்னும் தடித்த தழும்பு உண்டாகும். கல்லீரல் திரும்பத் திரும்பக் காயப்பட்டால் இழைகள் அதைச் சிறு முடிச்சுகளாகப் பிரித்துச் சிரோசிஸ் என்னும் கல்லீரல் இறுக்க நோயாக்கிவிடும். நோயின் இருப்பிடம் செல்லே என்று 1858-இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ நிறுவ முயன்றதிலிருந்து வளர்ந்துவந்த துறை இது. கட்டியிலிருந்து எடுத்த திசு புற்றுநோய்தானா என்ற கேள்விக்கு, அறுவை மருத்துவரும் மருந்து தருபவரும் பெரும்பாலும் இந்த அறையின் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே உறையவைத்த திசுவைச் சீவிப் பார்த்து, ஏறக்குறைய 20 நிமிடத்தில் விடை சொல்ல வேண்டிய வேளைகளும் உண்டு. ஆகவே நோயாளியின் முகம் தெரியாதே தவிர, அவருடைய நலனிலிருந்து விலகி நிற்கும் வேலை அல்ல இது.

இதன் கடினங்களையும் மறைக்க விரும்பவில்லை. மருத்துவப் பட்டத்துக்குப் பின் மேலும் சில ஆண்டுகள் சிறப்புப் பயிற்சி தேவை. அந்தக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். கழுத்தும் முதுகும் வலிக்கும். பார்மலின் ஆவி தீங்கானது என்பதால் காற்றோட்டமுள்ள ஆய்வகமா என்று பார்த்துச் சேர வேண்டும். கணினி இந்த வேலையைப் பறித்துவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்லைடுகளைப் படமாக்கித் திரையில் பார்ப்பது பரவிவருகிறது. பிரியும் செல்களை எண்ணுவது போன்ற பணிகளில் மென்பொருள் உதவுகிறது. ஆனால் அறிக்கையில் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்க மருத்துவர் தேவை. என் கணிப்பில், நுண்ணோக்கி, மென்பொருள் இரண்டையும் கற்றவருக்கு வாய்ப்பு கூடும்.

மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காவிட்டாலும் இந்தத் துறையின் கதவு மூடிவிடாது. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தவர்களே மேற்சொன்ன சீவலையும் சாயமேற்றலையும் செய்கிறார்கள். சீவலில் ஒரு மடிப்பு விழுந்தால் எவ்வளவு தேர்ந்த நிபுணரும் தடுமாறுவார். உயிரியல் படித்தவர்கள் காயம் ஆறும் முறையையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அருகிலுள்ள கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி பெற்று, அவளை ஒரே ஸ்லைடின் முன் அரைமணி நேரம் அமரச் சொல்லுங்கள். பார்த்ததை வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் தன் சொற்களில் இரண்டு வரி எழுதட்டும். நேரம் முடிந்ததும் அவள் எழுந்துவிடுகிறாளா, இன்னும் சற்று நேரம் கேட்கிறாளா என்பதைக் கவனித்து எனக்கு எழுதுங்கள். எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்பதை அதன்பின் பேசலாம்.