ரேடார் படம் வரைபடத்தோடு ஏன் ஒட்டவில்லை?

ஆழ்கடலில் தூண்டில் போடும் விசைப்படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜிபிஎஸ், ஏஐஎஸ் (சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் கருவி) இரண்டின் வயர்களையும் சேர்த்து முறுக்கி, புது சார்ட் பிளாட்டரில் (கடல் வரைபடம் காட்டும் திரை) கொடுத்தோம். படகு நிற்கும் இடம் வந்து வந்து போகிறது. ரேடார் படத்தை வரைபடத்தின் மேல் போட்டால், படகு மிதக்கும்போது படம் சுற்றுகிறது. ரேடார் பழுதா?"

ரேடார் பழுது இல்லை. வயரில் ஒரு குறை, திசையில் ஒரு குறை.

படகுக் கருவிகள் வயர் வழியே தகவல் அனுப்பும் என்எம்இஏ 0183 முறையில் ஒரு கருவி பேச, பல கருவிகள் கேட்கலாம். ஒரே வயரில் இரண்டு கருவிகள் பேச முடியாது. ஜிபிஎஸ் பொதுவாக 4800 பாட் வேகத்தில் அனுப்பும், ஏஐஎஸ் 38400 பாட். முறுக்கிவிட்டால் இரண்டுமே குழம்பும். முறுக்கை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். பிளாட்டரில் இரண்டு போர்ட் இருந்தால் ஆளுக்கொன்று கொடுத்து, மெனுவில் வேகத்தைத் தனித்தனியாக வையுங்கள். ஒன்றுதான் என்றால், இரண்டின் தகவலையும் ஒரே வயரில் சேர்த்துத் தரும் மல்டிபிளெக்சர் நடுவில் வேண்டும். வயரின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒவ்வொரு கருவியிலும் ஏ, பி என்று இரண்டு வயர் இருக்கும். கையேட்டைப் பார்த்து ஏ-வுக்கு ஏ, பி-க்கு பி கொடுங்கள்.

சந்தேகம் இருந்தால், இந்த வயரை லேப்டாப்போடு இணைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். ஜிபிஎஸ் வரிகள் டாலர் குறியில் தொடங்கும், ஏஐஎஸ் வரிகள் ஆச்சரியக்குறியில். புரியாத எழுத்துகள் கொட்டினால் வேகம் தவறு, அல்லது ஏ-யும் பி-யும் இடம் மாறியிருக்கின்றன.

அடுத்தது திசை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஜிபிஎஸ் சொல்வது படகு நகரும் திசை, அணியம் (படகின் முன்முனை) பார்க்கும் திசை அல்ல. தூண்டிலை விட்டுவிட்டு மிதக்கும்போது அணியம் கிழக்கே பார்க்கும், நீரோட்டம் படகைத் தெற்கே இழுக்கும். அப்போது பிளாட்டர் தெற்கைத்தான் அணியம் என்று எடுத்துக்கொண்டு ரேடார் படத்தைத் திருப்பிவிடும். 10 டிகிரி பிசகினாலே, 3 கடல் மைலில் இருக்கும் கப்பல் அரை மைல் தள்ளித் தெரியும். ராத்திரி கப்பல் பாதையில் அரை மைல் என்பது உயிர் விஷயம்.

ஆகவே அணியத்தின் திசையைச் சொல்லும் தனிக் கருவி தேவை. பூமியின் காந்தத்தை வைத்துத் திசை சொல்லும் ஃபிளக்ஸ்கேட் திசைகாட்டி விலை குறைவு. ஆனால் உங்கள் படகு இரும்பு என்றால் அதற்குப் பணம் போடாதீர்கள், படகு உடம்பின் காந்தமே அதைக் கெடுக்கும். சாட்டிலைட் சிக்னலை வைத்துத் திசை சொல்லும் சாட்டிலைட் காம்பஸ் வாங்குங்கள். காந்தம் அதை ஒன்றும் செய்யாது, படகு நிற்கும் இடத்தையும் அதுவே தரும். பைபர் படகில் ஃபிளக்ஸ்கேட் போதும், எஞ்சினுக்கும் ஸ்பீக்கருக்கும் எட்ட வையுங்கள். அலை அடங்கிய நேரத்தில் படகை மெதுவாக வட்டமடிக்கவிட்டு அளவு சரிசெய்ய வேண்டும். எதை வாங்கினாலும் நொடிக்கு 10 தடவை திசை அனுப்புமா என்று கேளுங்கள். வரைபடத்தின் மேல் படம் போட பெரும்பாலான ரேடார்கள் அதைத்தான் கேட்கின்றன.

பிறகு தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) ஒன்றின் முனையை நேர் முன்னால் வைத்து, ரேடாரில் அது அணியக் கோட்டின் மேல் விழுகிறதா பாருங்கள். விலகினால் அந்த டிகிரியை ரேடார் மெனுவில் திருத்துங்கள்.

அதுவரை ரேடாரைத் தனித்திரையில் ஹெட்-அப்பில் (அணியம் எப்போதும் திரையின் மேல்பக்கம் இருக்கும் முறை) ஓட்டுங்கள். அதற்கு வெளியிலிருந்து எந்தத் தகவலும் தேவையில்லை.