ஒரே ஒரு பாடகர், மூன்று கோஷ்டி

கேள்வி: செம்பூரில் இயங்கும் எங்கள் தமிழ் நாடகக் குழு இதுவரை நகைச்சுவை நாடகங்கள் மட்டுமே போட்டு வந்தது. ஆண்டு விழாவுக்கு முதல்முறையாக ஓர் இசை நாடகம் போடத் தீர்மானித்திருக்கிறோம். உறுப்பினர்கள் 19 பேர்: பெண்கள் 14, ஆண்கள் 5. பெண்களில் பலர் முறையாகப் பாட்டு கற்றவர்கள். ஆண்களில் ஒருவர்தான் பாடுவார். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'கைத் தமிழில் போடலாம் என்கிறது ஒரு கோஷ்டி. 'வள்ளி திருமணம்' என்கிறது இன்னொன்று. 'பொன்னியின் செல்வ'னைப் பாட்டும் வசனமுமாக ஆக்கலாம் என்கிறார் தலைவர். வந்தியத்தேவன் வேடம் அவருக்கே வேண்டுமாம். பக்கவாத்தியத்துக்குப் பதில் பதிவு செய்த இசையை ஓடவிட எண்ணம். நன்கொடை அட்டை 500 ரூபாய். எதை எடுக்கலாம்?
– குழுச் செயலாளர், செம்பூர், மும்பை

பதில்: மூன்றையும் எடுக்க வேண்டாம். மூன்று கோஷ்டியும் தாங்கள் பார்த்து ரசித்ததைச் சொல்கிறார்களே தவிர, உங்கள் 19 பேரால் எதைப் பாட முடியும் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நகைச்சுவை நாடகத்தில் யாருக்கு எந்த வேடம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இசை நாடகத்தில் அது நடக்காது. முதலில் தொண்டைகளை எண்ண வேண்டும்.

'சவுண்ட் ஆஃப் மியூசிக்' 2023இல் பாந்திரா-குர்லா காம்ப்ளெக்ஸுக்கு வந்ததிலிருந்து பலருக்கு அந்த ஆசை பிடித்திருக்கிறது. வந்தது தொழில்முறைக் குழு. அந்தக் கதைக்கு ஏழு பிள்ளைகள் வேண்டும். ஏழு பேரும் பாட வேண்டும். பள்ளித் தேர்வு குறுக்கே வரக் கூடாது. கன்னியாஸ்திரீகள் பாடும் இடங்களில் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பிடித்து நிற்க வேண்டும். நம் பெண்கள் கர்நாடக இசை கற்றவர்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு சுரம் தள்ளிப் பாடினால் அவரைத் திருத்தத்தான் தோன்றும். அந்தப் பழக்கத்தை ஆறு மாதத்தில் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். உரிமை விஷயமும் இருக்கிறது. இசையமைத்த ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் 1979இல் இறந்தார். படைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு என்பது நம் சட்டம். 2039 முடியும்வரை அந்த இசையை நினைத்தபடி எடுத்தாள முடியாது. தமிழாக்கத்துக்குத் தனியே அனுமதி வாங்க வேண்டும்.

கட்டணம் செலுத்தாத பார்வையாளர்முன் அமெச்சூர் குழு நடித்தால் உரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் 500 ரூபாய் அட்டை நீட்டிவிட்டு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. நன்கொடை என்று அச்சடித்தாலும் அது இல்லாதவரை வாசலில் நிறுத்துவீர்கள் என்றால் அது டிக்கெட்தான்.

'வள்ளி திருமண'த்துக்கு வருவோம். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தவர். உரிமைத் தொல்லை இல்லை. தொல்லை வேறு இடத்தில். இந்த நாடகத்தின் உயிர் தர்க்கத்தில் இருக்கிறது. நாரதரும் வள்ளியும் மேடையிலேயே ஒருவரையொருவர் மடக்குவார்கள். அன்றைக்கு என்ன கேள்வி வரும் என்று எதிராளிக்கே தெரியாது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கலைஞர்கள் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய இதை நடத்துவது ஆயுள்காலப் பயிற்சியால். அதை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கி, தர்க்கத்தை எழுதி மனப்பாடம் செய்து ஒப்பித்தால் என்ன மிஞ்சும்? பட்டுப் பாவாடையும் தினைப்புனத் திரைச்சீலையும் மிஞ்சும்.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். தலைவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

நீங்கள் எடுக்க வேண்டியது 'திருக்குற்றாலக் குறவஞ்சி'. திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி 1944இல் இதை நாட்டிய நாடகமாக்கினார். நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம். உங்களிடம் இருப்பது பாடுகிற பெண்கள். அவர்கள் ஆடுவார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. குற்றாலநாதர் உலா வருகிறார், பந்தடித்துக்கொண்டிருக்கும் வசந்தவல்லி அவரைக் கண்டு மையல் கொள்கிறாள், தோழிகள் தேற்றுகிறார்கள், சிங்கி என்னும் குறத்தி வந்து மலைவளம் பாடிக் குறி சொல்கிறாள், கடைசியில் அவள் கணவன் சிங்கன் தேடி வருகிறான். வசந்தவல்லி, சிங்கி, உலாப் பார்க்கும் பெண்கள், தோழிகள் என்று 14 பேருக்கும் வேலை இருக்கிறது. பாடும் ஆண் ஒருவர் போதும், அவர் சிங்கன். தலைவரை, உலா வருவதை அறிவிக்கும் கட்டியக்காரனாக்குங்கள். முதலில் மேடைக்கு வருபவன் அவன்தான், கையில் தடி உண்டு, உரத்த குரல் போதும். அவர் மறுக்கமாட்டார்.

சிங்கியும் சிங்கனும் சந்திக்கும் இடத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். குறி சொல்லி ஊர் ஊராகப் பரிசு வாங்கிய சிங்கி உடம்பெல்லாம் நகையோடு நிற்கிறாள். அவனோ அத்தனை நகையைக் கண்டதே இல்லை. காலில் பெரிய விரியன் கடித்துக்கொண்டு கிடக்கிறதே என்று பதறுகிறான். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் அவள். இப்படியே ஒவ்வொரு நகைக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில். நகைச்சுவை நாடகம் போட்டுப் பழகிய உங்கள் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. இன்னொரு வசதி: பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில், அதாவது உயர்ந்த சுருதியில் பாடுவார்கள், உங்கள் ஆண் தாழ்ந்த சுருதியில் பாடும் ஒன்றரைக் கட்டைக்காரராக இருப்பார். வழக்கமான காதல் பாட்டு என்றால் இருவரில் ஒருவர் திண்டாடுவார். இங்கே அவனுடையதெல்லாம் ஒற்றை வரிக் கேள்வி. பாதி பேச்சாகவே விட்டுவிடலாம்.

கத்தரிக்கோல் தேவைப்படும். வசந்தவல்லியின் அங்க வர்ணனை நீளம். குடும்பத்தோடு வருகிறவர்கள் நெளிவார்கள். குறைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து பாட்டுக்கு மேல் வேண்டாம். மெட்டை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்து இசையமைப்பாளர் போட்ட மெட்டை எடுத்தால் மறுபடி உரிமைக் கேள்வி எழும். குறத்திக்கு முகத்தில் கரி பூசி, கிழிசல் உடுத்தி, கொச்சையாகப் பேசவைத்துச் சிரிப்பு மூட்டும் கெட்ட வழக்கம் சில மேடைகளில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். இந்த நாடகத்தில் எல்லாரையும்விட அதிகம் தெரிந்தவள் அவள்தான். மேடையில் அவள் அப்படித்தான் நிற்க வேண்டும்.

பதிவு செய்த இசை வேண்டவே வேண்டாம். அடி மறந்து ஒருவர் திகைத்து நின்றால் ஆர்மோனியக்காரர் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து காப்பாற்றுவார். ஒலிப்பதிவு தன் பாட்டுக்கு ஓடிவிடும். மும்பையில் இருந்துகொண்டு இதற்கு ஆள் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டேன். 1880இல் நாடகாசிரியர் கிர்லோஸ்கர் 'சங்கீத சாகுந்தல்' போட்ட நாளிலிருந்து மராட்டியருக்கு இசை நாடகம் சொந்த வீட்டுச் சொத்து. தாதர் சிவாஜி மந்திரிலோ மாட்டுங்கா யஷ்வந்த் நாட்டிய மந்திரிலோ ஒரு சங்கீத நாடகம் வரும்போது குழுவோடு போங்கள். நடிகர்களைப் பார்க்க வேண்டாம். ஆர்கனும் தபலாவும் வாசிப்பவர்கள் நடிகரின் வாயைப் பார்த்து எப்படிப் பின்தொடர்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்களில் ஒருவரை வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். தமிழ் தெரியாததால் கெட்டுவிடாது, தாளம் தெரியுமே. மிருதங்கத்துக்கு மாட்டுங்காவிலும் முலுண்டிலும் ஆள் கிடைப்பார்.

ஒத்திகையை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வைக்காதீர்கள். பராமரிப்புக்காக ரயில்களைக் குறைக்கும் மெகா பிளாக் அன்று டோம்பிவிலியிலிருந்து வருபவர் செம்பூர் சேர்வதற்குள் பாதி ஒத்திகை முடிந்திருக்கும். வார நாளில் தோழிகள் கூட்டம் தனியே, சிங்கியும் சிங்கனும் தனியே பாடிப் பழகட்டும். மேடை நடமாட்டத்துக்கு மட்டும் எல்லாரும் கூடினால் போதும்.

மகாராஷ்டிரத்தில் நாடகம் போட, பிரதியை முன்கூட்டியே ரங்கபூமி பிரயோக் பரிநிரீக்ஷண் மண்டல் என்னும் அரசுத் தணிக்கை வாரியத்திடம் கொடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாட்டு வரிகளையும் பிரதியில் சேர்த்துக் கொடுங்கள். கடைசி வாரம் புதுப் பாட்டு நுழைக்கும் தலைவரின் வழக்கத்துக்கு அதுவே கடிவாளம். 500 ரூபாய் அட்டையை இப்போது தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கவிராயர் கணக்குக் கேட்கமாட்டார்; ஆர்மோனியக்காரருக்கு மட்டும் முன்பணம் கொடுத்துவிடுங்கள்.