தொலைதூரத் தீவுகளுக்கு வெளிநாடுகள் மருத்துவமனை கட்டிக் கொடுத்தால் போதாதா?

போதாது. எங்கள் பக்கத்து மாஞ்சோலை எஸ்டேட்டில் இருந்தவர்களைக் கேளுங்கள். நோயாளியை மலையிறக்கி அம்பாசமுத்திரம் சேர்ப்பதே பாதி வைத்தியம் என்பார்கள். தீவில் அந்த மலைப்பாதை கடலாகிவிடுகிறது.

மாலத்தீவையே எடுத்துக்கொள்வோம். இந்திய உதவியில் எழுந்த இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை 1995 முதல் தலைநகர் மாலேயில் இயங்குகிறது. நல்ல காரியந்தான். ஆனால் மக்கள் வாழ்வதோ ஏறக்குறைய 190 தீவுகளில். கடைக்கோடித் தீவில் பிரசவம் சிக்கலானால் படகோ விமானமோ வேண்டும். இந்தியா கொடுத்த டோர்னியர் விமானமும் ஹெலிகாப்டர்களும் நோயாளிகளை ஏற்றிவரவும் பயன்பட்டன.

தடுப்பூசி தனித் தலைவலி. பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். சூரிய ஒளியில் ஓடும் குளிர்பெட்டியை நன்கொடையாகக் கொடுத்துவிடலாம். உப்புக்காற்றில் அது பழுதானால்? உதவி ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது கட்டடத் தொகையை அல்ல, பழுதுபார்ப்பவரின் சம்பளத்தை.