அத்தை பதில்கள்: காட்பாடியில் புதுக்குடித்தனம்

*அத்தை, எனக்குத் தூத்துக்குடி. கல்யாணமாகி தை மாதம் காட்பாடிக்கு வந்தோம். அவருக்கு இங்கே ஒரு கல்லூரியில் வேலை. காந்தி நகரில் மூன்றாவது மாடி, அதற்கு மேலே மொட்டை மாடிதான். வெயில் ஆரம்பித்ததிலிருந்து பகலில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வாய்க்கு ருசியாக மீன் கிடைக்கவில்லை. எங்கே போவதென்றாலும் அவர் வண்டி எடுத்தால்தான் உண்டு. தனியாக ஆட்டோவில் ஏறினால், "ஆஸ்பத்திரியா?" என்கிறார்கள். அவரிடம் சொன்னால், "போகப் போகப் பழகிடும்" என்கிறார். தூத்துக்குடிப் பக்கமே வேலை தேடச் சொல்லலாமா?*
– வாசகி, காட்பாடி

அதற்குள்ளாகவா கண்ணு? ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் இடி இடித்து இங்கே ஒரு மழை பெய்யும். அதைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசு.

"ஆஸ்பத்திரியா?" என்று கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஐடா ஸ்கடர் அம்மா 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு, இன்றைக்குக் கல்கத்தாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜனங்கள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். பாபு ராவ் தெருவில் கடைப் பலகையே வங்காளத்தில் இருக்கும். கும்பகோணத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து, பிள்ளைகளைப் பெற்று, பேரன் எடுத்த என்னையே இன்னும் கேட்கிறார்கள். "இல்லப்பா, மார்க்கெட்டு" என்பேன். அவ்வளவுதான்.

வெயிலுக்கு வருகிறேன். கடற்காற்று எட்டாத ஊர், சுற்றிலும் பாறை மலை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சர்வ சாதாரணம். பகலெல்லாம் தளத்தில் ஏறின சூடு ராத்திரி உங்கள் அறைக்குள் இறங்கும். ஏசி வாங்குவதற்கு முன்னால் வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் போட்டுவிட வேண்டும். பொங்கிக் கொதிக்கும், அதனால் இரும்பு டிரம்மில் போடு, குனிந்து முகத்தைக் காட்டாதே. மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, தளத்தைப் பெருக்கி நனைத்துவிட்டு, தென்னை மட்டைத் துடைப்பத்தால் இரண்டு தடவை அடித்தால் போதும். காயக் காயத்தான் வெள்ளை ஏறும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு பேருமாகச் செய்யுங்கள். ஆள் வைத்துச் செய்யலாம்தான். ஆனால் உன் கணவர் ஒரு நாளாவது அந்தத் தளத்தின் மேல் நிற்கட்டும் என்கிறேன்.

"பழகிடும்" என்று அவர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவருக்குக் காலையில் போக ஓர் இடம் இருக்கிறது, டீ குடிக்க நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் பழகிவிட்டது. உனக்கு இருப்பது அந்த வீடு மட்டும்தான். அவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற வேலூர் அவருடைய வேலூராகத்தான் இருக்கும். அவர் இல்லாமல் உனக்கென்று ஒரு வேலூர் வேண்டும்.

அதற்கு வண்டி எதற்கு? காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவில் 1, 2 நம்பர் டவுன் பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அரசாங்கத்தின் சாதாரணக் கட்டண பஸ் என்றால் 2021-இலிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. தனியார் பஸ்ஸில் காசு உண்டு, பார்த்து ஏறு. கூட்டமில்லாத நேரத்தில் ஏறி நேதாஜி மார்க்கெட்டுக்குப் போ. முள்ளுக் கத்திரிக்காய் என்று கேள். பக்கத்து இலவம்பாடியில் விளைவது, 2023-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. காம்பிலும் அதன் தொப்பியிலும் முள் இருக்கும், கை நீட்டி அள்ளினால் குத்தும். கடைக்காரம்மா காயைத் தலைகீழாகப் பிடித்து எடுப்பதைப் பார், அதே மாதிரி எடு. இரண்டு வாரம் ஒரே கடையில் வாங்கினால் மூன்றாவது வாரம், "என்னா மா, போன வாரம் காணோம்?" என்று கேட்பாள்.

மீனுக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. கடல் பார்த்து வளர்ந்த நாக்குக்கு ஐஸில் படுத்து வந்த மீன் பிடிக்காதுதான். அம்மாவிடம் சொல்லி நெத்திலிக் கருவாடு வரவழைத்து, இந்தக் கத்திரிக்காயையும் போட்டுப் புளிக்குழம்பு வை. அதற்கு முன்னால் கீழ் வீட்டில் இருப்பவர்கள் சைவமா என்று விசாரித்துக்கொள். கருவாட்டு வாசனையால் வீடு காலி பண்ணினவர்களை எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கோட்டைக்குப் போங்கள், உள்ளே போகக் காசு கிடையாது. "தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோவில்" என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கோவிலைப் பற்றி இனி அப்படிச் சொல்ல முடியாது. கோட்டைக் கோவில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981-இல் திரும்பி வந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரை தெரியாமல் ஓடிக் காட்டியது. ராஜாவுக்குத்தான் வழியில்லை.

*புதிதாகக் கல்யாணமானவர்கள் நாங்கள். வேலூர் வேலப்பாடியில் வீடு பார்த்தோம். பத்து மாத வாடகை அட்வான்ஸ், எழுத்தெல்லாம் வேண்டாம், வாய்ச்சொல்லே போதும் என்கிறார் வீட்டுக்காரர். நம்பலாமா?*
– வாசகர், ஆரணி

ஆளை நம்பு, ஆனால் எழுதி வாங்கு. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அதைச் சொல்லிப் பேரம் பேசு, சண்டை போடாதே. கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தனி இணைப்பு இருந்தால்தான் உன் கைக்கு வரும். குழாய்த் தண்ணீரை வாயில் விட்டுப் பார், போர் தண்ணீர் பல தெருவில் உப்பு. காவிரித் தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதே, பக்கத்து வீட்டம்மாவிடம் கேள். காலி பண்ணும்போது பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதையும் அதே பத்திரத்தில் எழுதச் சொல். பத்திரத்தில் உன் மனைவி பெயரையும் சேர்த்துக்கொள்.